576-இல் கையாட்டுகிறவர்

கல்மண்டபம்,
ராயபுரம், சென்னை-13.
டிசம்பர் 2009

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய வில்சன் மாமா அவர்களுக்கு,

மைத்துனன் லூயிஸ் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, டோரதி அக்கா, அக்கா வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் உங்கள் வாரிசு, போன லீவில் சிங்கப்பூரிலிருந்து நீங்கள் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்த டிவி ஆகிய அனைவரும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் கப்பலும் தண்ணீருக்கு மேலேயே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். மரியாதை எல்லாம் இத்தோடு முடிந்தது. மேலே இதே மாதிரி எழுதினால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உங்களுக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும்.

விஷயம் இதுதான். அடுத்த துறைமுகத்தில் இறங்கி அக்காவுக்கு போன் போடும்போது அவள் ஒரு கேள்வி கேட்பாள். "கப்பல் மேல்தட்டுல நின்னு கையாட்டினது நீங்கதானே?" என்பாள். ஆமாம் என்று சொல்லிவிடவும். எந்தக் கப்பல், எந்த ஊர், எதற்குக் கையாட்ட வேண்டும் என்று திருப்பிக் கேட்கக் கூடாது. நீங்கள் கேட்கிற ஆள். கல்யாணத்தன்று சாமியார் "சம்மதமா" என்றதற்கே "எதுக்கு ஃபாதர்" என்று கேட்டவர். அதனால்தான் இத்தனை பக்கம் எழுதவேண்டியிருக்கிறது. இதை உங்கள் கம்பெனியின் ஏஜென்ட் ஆபீஸில் கொடுக்கப்போகிறேன். கப்பல் எங்கே நிற்குமோ அங்கே அனுப்பிவைப்பார்களாம். கப்பல் எங்கே என்று போன வாரம் கேட்டதற்கு "சேஃபா இருக்கு" என்றார்கள். சேஃப் என்பது எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டேன். வெளியே போகச் சொன்னார்கள்.

எப்படி ஆரம்பித்தது என்றால், நீங்கள் போகிற பக்கத்துக் கடலில் கொள்ளைக்காரர்கள் ஏதோ ஒரு கப்பலைப் பிடித்துவைத்திருப்பதாக டிவி நியூஸில் சொன்னார்கள். அது உங்கள் கப்பல் இல்லை. பெயர் வேறு, கொடி வேறு. ஆனால் அன்றையிலிருந்து உங்களிடமிருந்து போனும் இல்லை. அக்கா அழவில்லை, கத்தவில்லை, சாப்பாட்டை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அம்மா வஞ்சிரம் வறுத்து வைப்பாள். "அப்பால துன்றேன்மா" என்பாள் அக்கா. அந்த அப்பால வரவே வராது. தட்டில் சோறு காய்ந்து ஓரம் கட்டும். ஏழாவது மாசம் மாமா. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ் அம்மாவைத்தான் திட்டினாள், வீட்டில் சோறு போடுகிறீர்களா இல்லையா என்று. அம்மா வழியெல்லாம் அக்கா கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஹார்பர் பக்கம் கப்பல் சங்கு ஊதினால் மட்டும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவோம். பிறகு அவரவர் வேலையைப் பார்ப்பதுபோல நடிப்போம். எனக்கு அதுவும் கஷ்டம், எனக்குத்தான் வேலையே இல்லையே.

பாலிடெக்னிக்கை விட்டு வந்ததிலிருந்து நான் ஜேக்கப் அண்ணனோடு சுற்றிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். மொட்டை மாடியில் டிஷ் மாட்டுகிறாரே, அவர்தான். அவர் ஸ்பேனர் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், கேட்காதபோது வானத்தைப் பார்ப்பேன். அக்காவுக்கு மனசு மாறட்டும் என்று அவரிடம் சொல்லிப் புதிதாக வந்த ஹெச்டி டப்பா ஒன்றை நம் வீட்டில் மாட்டவைத்தேன். மாட்டும்போதே வழக்கப்படி ஒரு மஞ்சள் ஒயர் இழுத்து, சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா அக்காவின் பழைய பொட்டி டிவிக்கும் கொடுத்துவிட்டோம். நம் சந்தில் ஒரு டப்பாவை ஒரே வீடு வைத்துக்கொண்டு பார்த்தால் அவனை மனுஷனாக மதிக்கமாட்டார்கள். நாங்கள் எந்த சேனல் வைக்கிறோமோ அதுதான் அவருக்கும். எங்கள் வீட்டு ரிமோட்டுக்கு இரண்டு வீட்டில் ஆட்சி.

அந்த டப்பாவில் படம் எத்தனை தெளிவாக வரவேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம் மாமா. 576 என்று ஒன்று, 720 என்று ஒன்று, 1080 என்று ஒன்று. வந்தபோது 576-இல் இருந்தது. ஜேக்கப் அண்ணன் ஏணியில் நின்றபடியே சொன்னார்: "கண்ண மூடிகினு பெரிய நம்பர வெச்சுக்கோடா. அதுல கேள்வியே கெடையாது." சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் அந்த சேனல் வந்துவிட்டது.

அது ஒரு விளம்பர சேனல். ஹெச்டி எவ்வளவு தெளிவு என்று காட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள். பேச்சு கிடையாது, பின்னால் பியானோ மாதிரி ஏதோ ஒன்று மெதுவாக ஓடும். ஒரு சிவப்புப் பூ விரியும். தேன் சொட்டும், சொட்டிக்கொண்டே இருக்கும், கீழே விழாது. ஒரு பறவை தண்ணீரைத் தொட்டுவிட்டு எழும். அப்புறம் ஒரு துறைமுகம். விடியற்காலை மாதிரி வெளிச்சம், பனி, பனிக்குள்ளிருந்து சிவப்பு அடிவயிற்றோடு ஒரு சரக்குக் கப்பல் மெல்ல வரும். அதன் மேல்தட்டில் ஆரஞ்சு டிரஸ் போட்ட ஒரு ஆள் நிற்பார். கை மேலும் கீழும் ஆடும். அப்புறம் திரும்பவும் சிவப்புப் பூ. நாள் முழுக்க இதேதான் சுற்றும். மத்தியான வெயிலில் கதவைச் சாத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் வீட்டில் இருக்கிறோமா, எங்கேயாவது மிதந்துகொண்டிருக்கிறோமா என்றே தெரியாது. எனக்கே அப்படித்தான் இருந்தது. எனக்கு எதுவும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும்.

அக்கா மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"லூயிசு, அது உங்க மாமா."

"எது?"

"அந்த நிக்கிறவரு. பாரேன், நம்மளப் பாத்துத்தான் கையாட்டுறாரு."

அம்மா ஓடிவந்தாள். அதற்குள் பூ வந்துவிட்டது. மூன்று பேரும் பூவையும் தேனையும் பறவையையும் சகித்துக்கொண்டு காத்திருந்தோம். கப்பல் திரும்ப வந்தது. 576-இல் அந்த ஆளின் முகம் கட்டைவிரலால் தேய்த்த மை மாதிரி இருந்தது. ஆனால் உயரம் உங்கள் உயரம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது உங்கள் சாய்வு. அம்மா டிவியில் மூக்கு முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "அந்தக் கோணத் தோளு அவருதுதான்" என்றாள். கோணல் என்று சொன்னதற்கு மன்னிக்கவும், அம்மா சொன்னது.

அன்றைக்கு அக்கா இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். மூன்றாவது தடவை குழம்புச் சட்டியையே இழுத்து வைத்துக்கொண்டாள். அம்மா அடுப்படியில் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அது எப்போது எடுத்த படம், எந்த நாட்டில் எடுத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மறுநாளும் அதே கப்பல் அதே பனியில் வந்தது. "இன்னிக்கும் அங்கதான் கீது, எடம் கெடைக்கல போல" என்றாள் அம்மா. அப்பா முப்பது வருஷம் ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். அவராவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "க்யூவுல நிக்கும். நம்ம ஹார்பர்லயே வாரக்கணக்குல நிக்கும்" என்றார். ஷரீஃபுன்னிசா அக்காவுக்கும் விஷயம் போய்விட்டது. கப்பல் வருகிற நேரம் பார்த்து அவர் சுவரைத் தட்டுவார். "டோரதி, உன் ஊட்டுக்காரர் வந்துட்டாரும்மா, எங்கடி போன?" அக்கா எங்கே இருந்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். அவர் அந்தப் பக்கம் துவா கேட்பார், அம்மா இந்தப் பக்கம் ஜெபமாலை உருட்டுவாள், நடுவில் நீங்கள் நின்று கையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்க வராது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போன நேரத்தில் ரிமோட்டை எடுத்து 1080 வைத்தேன். முதலில் பூ வந்தது. மாமா, அது படம் இல்லை. இதழ் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், அந்தச் சொட்டுக்குள் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மரம். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்புறம் கப்பல் வந்தது. பனி தனித்தனி இழையாக ஓடியது. கப்பலின் துரு தெரிந்தது, பெயர் தெரிந்தது. உங்கள் கப்பல் பெயர் இல்லை. அந்த ஆளும் தெரிந்தார். செம்பட்டை முடி, காதில் வளையம், கன்னத்தில் சூயிங்கம். அவர் கையாட்டவும் இல்லை. கையில் பிரஷ். கம்பிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். 576-இல் பிரஷ் கரைந்துபோய், அடிக்கிற கை மட்டும் மிச்சம் இருக்கிறது. அதைத்தான் நாங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்ப 576 வைத்தேன். திரும்பவும் கப்பல் வந்தது, நீங்கள் வந்தீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்த பிறகும் அது நீங்கள்தான்.

அன்றையிலிருந்து ஊரிலேயே ஹெச்டி டப்பா வாங்கி அதில் மங்கலாகப் படம் பார்க்கவேண்டும் என்று சண்டை போடுகிற ஒரே ஆள் நான்தான். முதல் எதிரி அப்பா. அவருக்கு ஜேக்கப் அண்ணன் நம்பர் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

"டேய், ஆயிரத்து எம்பது இருக்கசொல்ல எதுக்குடா இத்தப் பாக்குற? பிரியாணி வாங்கிட்டு வந்து குஸ்காவ மட்டும் துன்ற மாதிரி கீது."

"பெரிய நம்பர் வெச்சா டப்பா சூடாவும் நைனா."

"சூடானா ஃபேனப் போடு."

"அந்த நம்பர் வெச்சா மஞ்ச ஒயர்ல படம் வராது. ஷரீஃபாக்கா டிவி நீலமாப் பூடும்."

இது பொய் இல்லை மாமா, நான் சோதித்துப் பார்த்தேன். இந்த ஒரு உண்மையை நம்பித்தான் நான் பிழைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சுவர் பக்கம் திரும்பி, "ஏம்மா, பெரிய நம்பர் வெச்சா உனுக்குப் படம் வராதாமே" என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, "எனக்கு இன்னா அண்ணே, நான் அங்க வந்து உக்காந்து பாத்துக்கறேன், டோரதி சோக்கா தெளிவாப் பாக்கட்டும்" என்று பதில் வந்தது. நல்லவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் பேஜார்தான்.

ஜேக்கப் அண்ணனும் ஒரு நாள் வந்து டீ குடித்துவிட்டு, டிவியைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னாடா கலீஜா ஓட்டிகினுகீற. எங்கூட சுத்துறவன் வூட்டுல இப்படி ஓடுனா எம்பேர் இன்னாத்துக்கு ஆவும்?" வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மணலிப் பக்கம் எரிகிற ஃபேக்டரி நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து அப்பாவிடம், "பெரியவரே, இந்த டிவிக்கு 576-தான் கரெக்ட்டு. இதுல போனா ரொம்ப வருஷம் ஒழைக்கும்" என்றார். அவர் தொழிலில் சொன்ன முதல் பொய்யாக இருக்கும். முகம் அப்படி வியர்த்தது.

அப்பா நம்பவில்லை. போன வியாழக்கிழமை மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் அவரே ரிமோட்டை எடுத்து நோண்டியிருக்கிறார். டிவி ஒரு தரம் கறுத்து எழுந்த சத்தத்தில் முழித்துக்கொண்டேன். எழுந்து பார்த்தால் சிவப்புப் பூ, அந்தச் சொட்டு, சொட்டுக்குள் ஜன்னல். நடுவில் இங்கிலீஷில் ஒரு கட்டம். இந்தப் படம் சரியாக வருகிறது என்றால் ஓகே அழுத்து, இல்லாவிட்டால் பழையபடி மாறிவிடுவேன் என்று போட்டு, பக்கத்தில் நொடி குறைந்துகொண்டே வந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டத்தான் வரும். கண்ணாடி வேறு எங்கேயோ. அக்கா சோற்றுத் தட்டோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாடா எழுதிகீது?"

"ஒண்ணியும் தொடாத நைனா. தொட்டா டப்பா வெடிக்குமாம்."

"ஓகேன்னு போட்டுகீதே."

"வெடிக்கட்டா, ஓகேவான்னு கேக்குது."

அப்பா ரிமோட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். பூ விரிந்தது. தேன் சொட்டியது, அதற்குள் சூரியன் தலைகீழாகத் தெரிந்தது. மத்தியான நேரம், சந்தில் சத்தம் இல்லை, எங்கோ ஒரு லாரி மட்டும் கியர் மாற்றியது. பறவை தண்ணீரைத் தொட்டபோது அந்த ஈரம் என் கால்மேல் தெறித்தது மாதிரி இருந்தது. "எவ்ளோ அழகாகீது" என்று அப்பா முணுமுணுத்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பனியும் வந்துவிட்டது, கப்பலின் மூக்கும் வந்துவிட்டது. நான் பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினேன், அதற்குள் டிவி தானாகவே ஒரு தரம் கறுத்து எழுந்தது. 576. நீங்கள் நின்று கையாட்டினீர்கள். அக்கா வந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், "நடுவுல நீலமாப் போச்சே, வந்துட்டாரா?" என்று கேட்டது. "வந்துட்டாருக்கா" என்றாள் அக்கா.

அதனால்தான் இந்தக் கடிதம். நான் எத்தனை நாளைக்குக் காவல் காப்பேன். உலகத்தில் எல்லோரும் பெரிய நம்பர்தான் நல்லது என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நம்பர் பத்தாமல்தான் பாலிடெக்னிக்கே போச்சு. ஆனால் எங்கள் வீட்டுக்கு எது சிறந்தது என்று கேட்டால், அக்கா எதில் சாப்பிடுகிறாளோ அதுதான். நீங்கள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஆரஞ்சு டிரஸ், வலது கை, பனி அடித்தது. இவ்வளவுதான் ஞாபகம் வைக்கவேண்டும். சூயிங்கம் பற்றி எதுவும் பேசவேண்டாம்.

அம்மா உங்களுக்காக ராயப்பர் கோயிலில் நேர்ந்துகொண்டு, கப்பல் அளவுக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்திருக்கிறாள். அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். ஷரீஃபுன்னிசா அக்காவின் சலாம். கடலும் காற்றும் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும். எஞ்சின் சூட்டில் மோர் கிடைத்தால் குடியுங்கள். பிள்ளை பிறப்பதற்குள் வந்துசேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
த. லூயிஸ்

பி.கு.: மேலே எழுதியது அத்தனையையும் மறந்துவிடவும். கவர் ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போனபோது உங்கள் போன் வந்துவிட்டது. அக்கா வைத்திருப்பது நான் பர்மா பஜாரில் வாங்கிக் கொடுத்த சைனா போன். அதைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறவருக்கு மட்டும்தான் அது ரகசியம். நீங்கள் பேசியது அடுப்படியில் அம்மாவுக்கும், நாற்காலியில் அப்பாவுக்கும், எனக்கும், சுவருக்கு அந்தப் பக்கத்துக்கும் நன்றாகக் கேட்டது. நல்லா இருக்கேன், கப்பல் ரேடியோதான் ரிப்பேர் என்றீர்கள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "மேல்தட்டா? நான் எஞ்சின் ரூம வுட்டு வெளிய வந்தே எத்தினி நாளாவுது. வெயிலே பாக்கல, யாருக்குப் போய் கையாட்டுறது" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அக்காவும் சிரித்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், வைத்தாள், எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அவருதானாம். நாம பாக்குறோம்னு தெரிஞ்சுதான் கையாட்டினாராம்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டும், "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று ஒரு குரல் வந்தது. அக்கா ரிமோட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். "அதான் அவரே சொல்லிட்டாரே. இனிமே பெருசுலயே வெச்சுப் பாரு நைனா." அப்பா அதை வாங்கவில்லை. "இதுவே இருக்கட்டும்மா, அது கண்ணு கூசுது" என்றார். அந்த நேரம் பார்த்துப் பனிக்குள்ளிருந்து கப்பல் வந்தது. அப்பா கையைத் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினார்.

ஆகவே மாமா, அக்காவிடம் நீங்கள் எதையும் மாற்றிச் சொல்லவேண்டாம். அடுத்த முறை அப்பா போனை வாங்கினால், அவர் கையாட்டியதைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லிவிடவும்.